படலையில் வைத்த சொல்

ஒன்பது வயதில் நான் ஒருவரைச் சோதனையில் தோற்கவைக்கப் பாடுபட்டேன். அவர் என் எதிரியல்ல. உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான், அதுதான் காரணம்.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலை. கல்யாணம் ஆகாததால் அளவெட்டியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் எங்களோடேயே இருந்தார். அம்மாவுக்கு வீட்டு வேலைக்கும் கோபத்துக்குமே பொழுது சரியாக இருந்தது. எனக்குத் தலை வாரியது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்தது, பாயில் என்னை அணைத்துக்கொண்டு படுத்தது எல்லாம் சின்னம்மாதான். அப்படிப்பட்டவருக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தருவதாகக் கடிதம் வந்தது. ஒரு நிபந்தனை: இங்கிலிஷ் சோதனையில் ஏழு எடுக்கவேண்டும். முதல் தடவை ஆறரைதான் வந்தது. கடினமான சொற்கள் தெரியாததுதான் குறை என்றார்கள். இரண்டாம் தடவையும் தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவிலை அப்பிடி என்னதான் கிடக்கு?" என்று அப்பா கேட்டார்.

"கடல் கிடக்கு அத்தான்" என்றார் சின்னம்மா. அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு மாஸ்ரரிடம் பின்னேர வகுப்புக்குப் போனார். சொற்களை மறக்காமல் இருக்க அந்த மாஸ்ரர் ஓர் உபாயம் சொல்லிக்கொடுத்திருந்தார். நன்றாகத் தெரிந்த வீடு ஒன்றை மனதில் நினைக்கவேண்டும். வெளிவாசல் படலையைத் திறந்து உள்ளே நடக்கவேண்டும். போகிற வழியில் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு சொல்லை, மறக்கமுடியாத கூத்து ஒன்றோடு சேர்த்து வைத்துவிடவேண்டும். பிறகு எப்போது நடந்து போனாலும் சொல் அந்தந்த இடத்தில் இருக்குமாம்.

மாலையில் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சின்னம்மா நடக்கத் தொடங்குவார். நான் பக்கத்தில் படுத்துக் கேட்பேன்.

"படலைக்கு வெளியிலை ஒரு மாப்பிளை நிக்கிறார். கையிலை வாழைக்குலை. பாரம் தாங்கேலாமல் வேர்த்துக் கொட்டுது, எண்டாலும் உள்ளுக்கு வர மனமில்லை. றிலக்ரன்ற். கிணத்தடியிலை ஒரு நண்டு. பத்துக் காலையும் ஒவ்வொண்டாச் சவுக்காரம் போட்டுத் தேய்க்குது. ஒரு ஊத்தை விடாது. மெற்றிக்குலஸ். குசினிக்குள்ளை ஆடு. சோத்தைத் திண்டு முடிச்சு இப்ப உலைமூடியைக் கடிக்குது. வொறேஷியஸ். றங்குப்பெட்டிக்குள்ளை ரெண்டு பூனை ஒருத்தருக்கும் கேளாமல் குசுகுசுக்குதுகள். கிளான்டெஸ்ரின். மாமரத்திலை…"

எங்கள் வளவில் மாமரம் இல்லை. பக்கத்து வீட்டு மரத்தின் கிளை ஒன்று மதிலுக்கு மேலால் எட்டிப்பார்க்கும். அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எந்த வீடு என்று நான் கேட்கவேயில்லை. கேட்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த வீடு ஒன்றுதான். அங்கே படலை இருந்தது, கிணறு இருந்தது, குசினி இருந்தது, அம்மாவின் றங்குப்பெட்டியும் இருந்தது.

இரண்டு கிழமையில் நூறு சொல்லைத் தாண்டிவிட்டார். ஒருநாள் வகுப்பால் வந்தவர் முகம் பூரித்துப்போய் அம்மாவிடம், "அக்கா, இந்தமுறை எடுத்துப்போடுவன் போலை கிடக்கு" என்றார். அம்மா அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டு அழுதார்.

"சின்னம்மா, நீங்கள் போனா நான் ஆரோடை படுக்கிறது?"

"ரெண்டு வருஷம் பொறு பிள்ளை. உன்னையும் கூப்பிடுவன்."

இரண்டு வருஷம் என்பது ஒன்பது வயதில் எவ்வளவு என்று பெரியவர்களுக்குத் தெரியாது. அடுத்தநாளே வேலையைத் தொடங்கிவிட்டேன். சொல் பெட்டியில் இருக்கிறதென்றால், பெட்டியை எடுத்துவிட்டால் சொல் எங்கே நிற்கும்? அம்மா சந்தைக்குப் போன நேரம் றங்குப்பெட்டியை இழுத்துக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் வைத்தேன். உலைமூடியை விறகுக்குள் ஒளித்தேன். கிணற்று வாளியைக் கழற்றி அப்பாவின் மேசன் சாமான்களுக்குள் போட்டேன். அம்மா அகப்பைக்காம்பால் வெளுத்தார். "என்ன பேய் பிடிச்சதடி உனக்கு?" என்று கேட்டார்.

ஆனால் சின்னம்மாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. கண்ணை மூடினார், நடந்தார், நண்டு குளித்தது, பூனைகள் குசுகுசுத்தன. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யோசித்துப் பார்த்ததில் பிழை விளங்கியது: நடை தொடங்குவது படலையில். படலை போனால் உள்ளே போகமுடியாது.

எங்கள் படலை தகரத்தால் ஆனது. கட்டுக்கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை, அப்பாவின் குறட்டால் கம்பிகளை முறுக்கி எடுத்தேன். படலை பெருஞ்சத்தத்தோடு வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கைக்குள் விழுந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு, கறள் பிடித்த கம்பி தானாக அறுந்ததென்று நினைத்து, "நாளைக்குக் கட்டுவம்" என்று மதிலோடு சாத்திவைத்தார். அன்றிரவு சின்னம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை, அதனால் அவர் நடக்கவில்லை. அடுத்தநாள் அப்பாவுக்குப் படலை நினைவே வரவில்லை. அன்று காலைதான் இராணுவத்தினர் ஊர்க்காணியை விட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது.

ஊர் என்று எங்கள் வீட்டில் சொன்னால் அது அளவெட்டி அல்ல. கடலோரத்தில் அம்மாவும் சின்னம்மாவும் பிறந்த இடம். சண்டை மூண்ட ஒரு விடியலில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். அப்போது சின்னம்மாவுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு அந்த ஊர் இராணுவத்தின் முட்கம்பி வேலிக்குள் போய்விட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. நான் பிறந்ததே வாடகை வீட்டில்.

அன்றே ஓட்டோ பிடித்து எல்லோரும் போனோம். சின்னம்மா கோயிலுக்குப் போகிறவர் மாதிரி நல்ல சேலை உடுத்திருந்தார். போகும் வழியெல்லாம் எனக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். மாமரம் இன்னும் காய்க்குமாம், கூரை போயிருந்தாலும் சுவர் நிற்குமாம்.

அங்கே ஒன்றும் இல்லை. இடிந்த வீடுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மட்டப்படுத்திய வெறும் நிலம், அதில் நாயுண்ணிப் பற்றை, அதற்கப்பால் கடல். அதே ஊர்க்காரரான அப்பா ஒழுங்கை முடக்கு இதுதான் என்று ஓரிடத்தைக் காட்டிக் காலடியால் அளந்தார். இல்லை, அந்தப் பக்கம் என்று அம்மா சண்டை பிடித்தார். தங்கள் காணி எது என்று கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் சென்றது. கிணறும் தூர்ந்து, கட்டின் ஒரு துண்டுதான் மண்ணுக்கு மேலே தெரிந்தது. அம்மா அதில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு குழறினார்.

சின்னம்மா அழவில்லை. தனியே அந்த வெளியின் ஓரத்துக்குப் போய் நின்றார். கையை நெஞ்சளவுக்குத் தூக்கி, கொளுக்கியைத் தட்டுகிறவர் மாதிரி விரலை அசைத்தார். நாலடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து மறுபடி முதலில் இருந்து நடந்தார். முகத்தில் மொய்க்கிற இலையானைத் துரத்துகிறார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"என்ன தேடுறியள் சின்னம்மா?"

"ஒண்டுமில்லை. நீ போய் விளையாடு."

நான் கடற்கரைக்கு ஓடிப்போய் மடி நிறையச் சிப்பி பொறுக்கினேன். நல்ல நாள் என்றுதான் அன்று எனக்குப் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பின்னேரம் வீடு திரும்பியதும் சின்னம்மா முகம் கழுவி, பாயை விரித்துக் கண்ணை மூடினார். புதன்கிழமை சோதனை. நானும் பக்கத்தில் படுத்தேன். மாப்பிள்ளை வரவில்லை. நண்டும் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"படலையைக் காணேல்லையடி பிள்ளை."

நான் செய்த வேலை பலித்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஆனால் கண் மூடிய அந்த முகம் இருந்த இருப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரே நாளில் கிழவியாகிவிட்டவர் மாதிரிக் கிடந்தார். எழும்பி வெளியே ஓடினேன்.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. தகரப் படலையை மதிலில் இருந்து இழுத்தேன். விளிம்பு கையை வெட்டியது. கட்டத் தெரியாது, அப்பாவைக் கூப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே படலையைத் தூக்கித் தூணோடு நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"சின்னம்மா, படலை நிக்குது. வந்து பாருங்கோ. இப்ப சொல்லுங்கோ."

அவர் வாசலுக்கு வந்தார். என்னையும் படலையையும் பார்த்தார். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன்: பெட்டி, உலைமூடி, வாளி, குறடு. ஏசுவார் என்று இருந்தேன். கிட்ட வந்து என் கையை விரித்துப் பார்த்தார். இரத்தத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இப்ப தெரியுதோ?" என்று கேட்டேன்.

"ஓம், தெரியுது" என்றார். "றிலக்ரன்ற்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தலையைக் கட்டிக்கொண்டு, அந்த வெளியில் வராத அழுகையெல்லாம் அழுதார். நான் படலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சோதனையில் ஆறு வந்தது. முன்னையதைவிட அரை குறைவு. சின்னம்மா லண்டனுக்குப் போகவில்லை. இன்றைக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்கிறார். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. பாயில் என் பக்கத்தில் அவர் இருந்தார், ஆனால் மாலையில் கண்ணை மூடி நடப்பதை விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்ற எண்ணத்தோடு பத்து வருஷம் வளர்ந்தேன். கடைசியில் நானும் ஒரு இங்கிலிஷ் சோதனைக்குப் படிக்கத் தொடங்கிய நாளில், அந்தப் படலைக்காக மன்னிப்புக் கேட்டேன்.

சின்னம்மா விளங்காமல் பார்த்தார். "உந்தத் தகரப் படலையையோ? அதிலை நான் ஒண்டும் வைக்கேல்லையே. நான் நடந்தது எங்கடை வீட்டிலை. ஊரிலை."

வீடு நின்ற இடத்தைக் கண்ணால் பார்க்கும்வரை அந்த வீடு அவருக்குள் முழுதாக நின்றிருக்கிறது. ஒன்பது வயதில் எனக்கு இது தெரியாது. வெட்டுப்பட்ட கையோடு வேறொரு வீட்டின் படலையைத் தூக்கிப் பிடித்தபடி, "நல்லா நிக்குது, உள்ளுக்குப் போங்கோ" என்று அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.