ஒன்றை அமுக்கியது யார்?

எழுத்தாகக் கிடப்பதை எண்ணாக, தேதியாக, ஆமா-இல்லையாக, பைத்தான் என்ற கணினி மொழியில் மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தெரியாதவர்கள் ‘இதெல்லாம் ஒரு வேலையா?’ என்பார்கள், செய்து பார்த்த உங்களைப் போன்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்கும் மாடியறையில் இருந்துகொண்டு, சிவகிரிப் பக்கத்துக் குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்காகக் குடும்பத்தார் விவரங்களை ஏற்றினேனே, அந்தக் கூத்து இது.

தமிழ் எண்

வயது கேட்ட இடத்தில் ஒருவர் ‘௪௭’ என்று தமிழ் எண்ணில் அனுப்பியிருந்தார். எனக்கும் வாசிக்கத் தெரியாது, கோயில் கமிட்டிச் செயலாளர் அண்ணாச்சிக்கும் தெரியாது. நான் எழுதிய நிரல் எப்படியும் மக்கர் பண்ணும், அப்போது பார்ப்போம் என்று ஓட்டினேன். பண்ணவில்லை. நாற்பத்தேழு என்று சத்தமில்லாமல் மாற்றிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. அனுப்பியவரிடம் போனில் கேட்டோம், நாற்பத்தேழேதான். அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“உள்ள யாரோ பழைய ஆளு இருக்காரு வே.”

அக்டோபர் வரை

இந்த வருஷம் ஜனவரி பத்தாம் தேதி தவறிப்போன பெரியவருக்கு வீட்டார் 10/01 என்று எழுதியிருந்தார்கள். நாள்தான் முதலில் என்று நிரலுக்குச் சொல்ல மறந்தேன். அது அவர் சாவை வரப்போகிற அக்டோபர் ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதோ ஏப்ரலில். அந்தத் துட்டி வீட்டுக்குப் போய்வந்த அண்ணாச்சி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அப்போ சுடுகாட்டுல நாங்க யாரைவே வச்சிட்டு வந்தோம்?”

வருவதானால்

இந்த வருஷக் கொடைக்குக் கம்ப்யூட்டரே போன் போட்டு, பேர் சொல்லி அழைக்கும். வருவதானால் ஒன்றை அமுக்க வேண்டும். அதை வைத்துத்தான் சாப்பாட்டுக்கு இலைக் கணக்கு. ‘உயிருடன் இருக்கிறாரா?’ என்ற இடத்தில் தவறியவர்களுக்கு False, அதாவது ‘இல்லை’, என்று எழுத்தில் இருந்தது. அதை அப்படியே ஆமா-இல்லையாக மாற்றினால் பைத்தான் அர்த்தம் பார்க்காது. ஏதாவது எழுதியிருந்தாலே அதற்கு ‘ஆமா’தான். செத்தவர் அத்தனை பேரையும் எழுப்பிவிட்டேன் பாவி. அழைப்பும் போய்விட்டது.

மறுநாள் காலையில் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். போன வருஷம் பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர். அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் போட்ட ‘வருகிறவர்கள்’ வரிசையில் மகன் பேரும் இருக்கிறது. அழைப்புப் பதிவைத் திறந்து பார்த்தேன். அவன் எண்ணுக்கு நேரே ஒன்றை அமுக்கியதாக இருந்தது. “போன் அவங்கூடவே நொறுங்கிப் போச்சு. பின்ன அமுக்குனது யாரு? எம்புள்ள இருக்கானா, இல்லையா?” என்றார்.

தப்பு என்னுடையது, அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்றேன். அவர் கண்ணெதிரே அந்த எண்ணுக்கு அடித்தேன். அப்படி ஒரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. பேரை எடுத்துவிடுகிறேன் அம்மா என்று மவுஸைத் தொட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாரேன்னு சொன்ன புள்ளைக்கு ஒரு எலை போட மாட்டியளா யய்யா?”

நிரலை அன்றைக்கே திருத்திவிட்டேன், ஆனால் சமையல்காரரிடம் இலைக் கணக்கு சொல்லும்போது ஒன்று கூட்டித்தான் சொன்னேன். அது எந்த வகை மாற்றத்தில் சேரும் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.