அக்காவுக்கு வந்த அழைப்பு

ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் வாடகைக்கு இருந்த வீட்டைவிட்டு, தோளில் ஒரு பையோடு, லோறன்ஸ் வீதி வழியே கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். ஊரில் போர் முடிந்து சில கிழமைகள் ஆகியிருந்தன. பஸ்கள் என்னைக் கடந்து போயின. நான் ஏறவில்லை. ஏறினால் எங்காவது இறங்க வேண்டும். எங்கே இறங்குவது என்று தெரியவில்லை.

படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பல நாடுகளில் திரிந்து, யப்பானில் ஒரு சிறிய ஊரில், பழைய கார்களைக் கழற்றி விற்கும் இடத்தில் சில வருடங்கள் வேலை செய்தேன். குளிரும் எண்ணெய் நாற்றமும் பழகிவிட்டன. அங்கே வேலையைவிட நன்றாகக் கற்றது மன்னிப்புக் கேட்பதைத்தான். கதவைத் திறந்தால் மன்னிப்பு, மூடினால் மன்னிப்பு. வீட்டுக் கவலையை முதலாளியிடம் கொண்டுபோகக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன்.

ரொறொன்ரோ வந்த பிறகும் அந்த முதலாளி என்னை விடவில்லை. அவர் அனுப்பும் பழைய எஞ்சின்களை இங்குள்ள கராஜ்களுக்கு விற்றுக் கொடுப்பது என் வேலை. பகலெல்லாம் அலைவேன். மாலையில், அங்கே காலையாகும்போது, அவர் என்னைப் போனில் அழைப்பார்.

நான் பேஸ்மென்டில் இருந்தேன். மேலே வீட்டுக்கார அக்காவும், நான் அண்ணை என்று கூப்பிடும் அவருடைய கணவரும். வீட்டுக்கு ஒரே லைன். அதில் ஒரு போன் என் அறையிலும் இருந்தது. பேசும்போது என்னை அறியாமலே குனிந்து வணங்குவேன். ஒருநாள் உடுப்புத் தோய்க்க இறங்கிவந்த அண்ணை அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, அவன் போனுக்குள்ளால உம்மைப் பாக்கிறானோ? நாரி முறியப்போகுது! உதென்ன சொல்லு, ஒரே சொல்லுறீர்?"

மன்னியுங்கள் என்று அர்த்தம் என்றேன். மேலே போய் அக்காவுக்கும் சொல்லிச் சிரித்தார்.

அக்காவின் தம்பி வன்னியில் அகப்பட்டிருந்தான். சனங்களை முகாம்களில் அடைத்த பிறகு அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"பின்னேரத்தில லைனை விட்டுத் தாங்கோ தம்பி. அவன் முகாமில ஆற்றையேன் போனை வாங்கி எங்களுக்கு எடுப்பான்."

"ஓம் அக்கா" என்றேன். முதலாளியிடம் நேரத்தை மாற்றச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என் நாட்டில் போர் நடந்ததையே அவருக்கு நான் சொன்னதில்லை. எப்படி இருக்கிறாய் என்பார், நலம் என்பேன்.

அன்று மாலை அக்கா சமைத்துக்கொண்டிருந்தார். கீழே முதலாளி விடைபெறத் தொடங்கியிருந்தார். அது சட்டென்று முடியாது. அவர் நன்றி, நான் நன்றி, அவர் மன்னிப்பு, நான் மன்னிப்பு. அவர் வைத்த பிறகே நான் வைக்கலாம். அப்போது காதில் 'டிக்' என்றது. வேறொரு அழைப்பு. ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைத்துவிடும். அவரை ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குனிந்தபடி நின்றேன். அது நின்றது. கொஞ்சம் பொறுத்து மீண்டும் வந்தது, பிறகு ஓய்ந்தது.

போனை வைக்கும்போது அக்கா படியில் நின்றார்.

"ஆரேன் எடுத்தவையோ?"

"இல்லை அக்கா."

சில நாள் கழித்து முகாமிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். தன் போனில்தான் அவன் அன்று இரண்டு தரம் முயன்றானாம். ஒருவரும் எடுக்கவில்லையாம். மறுநாள் இராணுவத்தினர் அவனை பஸ்ஸில் ஏற்றிப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றாள்.

அக்கா கீழே வந்தார். கத்தவில்லை.

"அந்த யப்பான்காரனிட்ட ஒரு நாளைக்கு எத்தினை தரம் மன்னிப்புக் கேக்கிறீங்கள். மேல எங்களுக்கும் கேக்குது. என்னட்டை ஒருக்காக் கேக்க வாய் வரேல்லையே தம்பி?"

அப்போதும் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். அவனைப் பற்றிப் பிறகு ஏதும் தெரிந்ததா என்று கேட்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

தெரிந்த ஒருவனின் அறையில் படுத்துவிட்டு, அடுத்த நாள் காலை நகருக்குக் கிழக்கே அஜக்ஸ் என்ற ஊரில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். இயந்திர இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் தேவையும் இல்லை. கேட்டிருக்க வேண்டிய அந்த ஒன்று மட்டும் இன்னும் என் வாய்க்குள்ளேயே கிடக்கிறது.