எந்தத் தெரு என்று கேட்ட டைலரக்கா

இந்த ஊரில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "இன்னா ஷிஃப்ட்டு?" என்றுதான் கேட்கிறார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் என்னிடமும் ஒருவர் கேட்டார். "சொந்தக் கடை" என்றேன், பெருமையாக. "அய்யோ பாவம், லீவே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்தங்களே, நான் மெட்ராஸில் கடை வைத்திருப்பதாக நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். மெட்ராஸ் எனக்கும் ரயிலேறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஊர்தான். வீட்டுக்காரருக்கு இங்கே இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. நான் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். கம்பெனிகள் கொடுக்கிற யூனிஃபார்ம் சட்டை உலகத்தில் யாருக்கும் அளவாக இருந்ததில்லை. அதை ஆளுக்கேற்ற அளவில் பிடித்துத் தைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

முதலில் வந்தவள் எஸ்தர். கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிற, கவரைப்பேட்டைப் பக்கத்துப் பெண். நான் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்த வாரம் நாலு பேர், அதற்கடுத்த வாரம் பாதி பஸ். நான் அச்சடித்து வைத்திருந்த விசிட்டிங் கார்டு ஒன்றுகூடச் செலவாகவில்லை. தொழில் ரகசியம் என் ரத்தத்தில் ஊறியது என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த ரகசியத்தைத்தான் ஒருநாள் எடுத்துவிட்டேன். எஸ்தர் தன் நிச்சயதார்த்தத்துக்கு ஜாக்கெட் துணி கொண்டு வந்தாள். யூனிஃபார்ம் வேறு, நிச்சயதார்த்தம் வேறு. இவளை இனி விடக்கூடாது. டைலரான எங்கள் அப்பா, வாடிக்கை பிடிக்கிற முதல் கேள்வி என்று ஒன்றை வைத்திருந்தார். அதைத் தேன் தடவிக் கேட்டேன்.

"எந்தத் தெரு தாயி நீ?"

"இன்னாத்துக்கு யக்கா கேக்குற?"

"சும்மா, தெரிஞ்சுக்கிடத்தான்."

"தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுவாரம் அந்த பஸ்ஸிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. புத்திசாலியான நான் என்ன செய்தேன்? மிஷினுக்கு எண்ணெய் விட்டேன், புது நூல் வாங்கினேன், 'பட்டன் இலவசம்' என்று எழுதி மாட்டினேன். கடை வாடகைக்கு வீட்டுக்காரரிடம் கை நீட்டும் நிலை வந்த பிறகுதான் பக்கத்து நாஷ்டா கடை ராணியக்கா வாயைத் திறந்தார்.

"தெரு கேட்டியாமே? பஸ்ஸு ஃபுல்லா அதான் பேசிக்கினு போறாங்கோ. அவ அம்மா கழனி வேலைக்கிப் போனப்போ கேட்டாங்கோ. இப்ப அவ கம்பெனிக்கிப் போறா, இங்கியும் நீ கேக்குற."

"நான் அப்படி நெனச்சுக் கேக்கலக்கா."

"வேற எப்படி நெனச்சு கேட்ட?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா கடைதான் ஞாபகம் வந்தது. அங்கே ஒரே ஒரு நாற்காலி. யார் வந்தாலும் அப்பா சிரித்த முகமாகத் தெருவைக் கேட்பார். சில தெருக்களின் பெயரைச் சொன்னால் என்னைப் பார்ப்பார். நான் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். சில தெருக்களுக்கு என்னைப் பார்க்க மாட்டார். அவர்கள் நின்றுகொண்டே அளவு கொடுப்பார்கள். அப்பாவின் அந்தக் கேள்வியைப் பாசம் என்றுதான் இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் எஸ்தர் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போது எதிரே போய் நின்றேன். "நான் கேட்டது தப்பு தாயி. எங்க அப்பா தெருவைக் கேட்டுத்தான் நாற்காலி போடுவாரு. நானும் அதையே பிடிச்சிட்டுத் திரிஞ்சிருக்கேன்." தோழிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் "டயமாச்சு யக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

பத்து நாள் கழித்து அதே துணியோடு வந்தாள். நான் நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை.

"நீ எந்தத் தெரு யக்கா?"

எங்கள் தெருவின் பெயரே எங்கள் சாதியின் பெயர். ஊரில் அதைச் சொல்ல நான் ஒருநாளும் கூசியதில்லை. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "ம்" என்றாள். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கை கொஞ்சம் எறக்கமா வை" என்றாள். பஸ் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, பாதிதான். மீதிப் பாதி வராததற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

போன கோயில் கொடைக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவின் கடையில் இப்போது தம்பி இருக்கிறான். சுடிதார் துணியோடு ஒரு பெண் வந்தாள். "எந்தத் தெரு தாயி?" என்றான் தம்பி, அப்பாவின் அதே சிரிப்போடு. அவள் பதில் சொல்வதற்குள் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, இன்னா ஷிஃப்ட்டு?" என்று கேட்டுவிட்டேன்.

"மெட்ராஸ்காரிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று தம்பி சிரித்தான். அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், நின்றுகொண்டே அளவு கொடுத்தாள். "நீயாவது உக்காருக்கா" என்றான் தம்பி. என்னாலும் உட்கார முடியவில்லை.