லண்டனில் இருப்பதாகச் சொன்ன கிழமை

எனக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்த கிழமையில், டென்மார்க்கில் உள்ள தமிழர்களைப் பொறுத்தவரை நான் லண்டனில் என் தம்பி வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைக் கட்டியவன் நான்தான். கோயிலில் யாராவது கேட்டால் என்ன சொல்வது, சம்பந்தம் பேசும் கோல்டிங் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் என்ன சொல்வது என்று மனைவிக்கு நன்றாகப் பாடம் எடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

காரணம் மகளின் கலியாணப் பேச்சு. மகளுக்குக் கோபன்ஹேகனில் வேலை. கோல்டிங் பையன் ஒருவனை அவளே விரும்பிவிட்டாள்; அதன்பிறகு பெரியவர்கள் நாங்கள் கூடி, எல்லாம் எங்கள் யோசனை என்பது போலப் பேசத் தொடங்கியிருந்தோம். சாதகம் பொருந்திவிட்டது. நாள் வைப்பதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து பெண்ணின் தகப்பனுக்கு இருதயக் குழாயில் அடைப்பு என்று வெளியே தெரிந்தால் எங்கள் ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? பரம்பரை வருத்தம் என்பார்கள். அந்தக் குடும்பத்தில் ஏன் கைவைக்கிறீர்கள் என்று பையன் வீட்டாரிடம் சொல்ல நாலுபேர் வரிசையில் நிற்பார்கள். மகள் இதைக் கேட்டுவிட்டு டேனிஷில் என்னைத் திட்டினாள். நாள் வைக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இரு என்று நான் தமிழில் திட்டினேன்.

எல்லா ஓட்டையையும் அடைத்தேன். என்னோடு வேலை செய்யும் கென்யாக்காரத் தம்பியை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

நாங்கள் இருக்கும் ஸ்கீவவுக்குப் பக்கத்தில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருவரும் ஒரே மேசையில் நின்று கண்ணாடி பொருத்துகிறவர்கள். என்னை அவன் 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவான்; எனக்கு அவன் 'தம்பி'. மற்ற எல்லாம் டேனிஷ். மதியம் அவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பங்கு போகாமல் அவன் வாய்க்கு ஒன்றும் போகாது. போலந்துக்காரன், டேனிஷ்காரன் என்ற பேதம் இல்லை. அவனுடைய கார் ஒருநாளும் அவனுக்கு மட்டும் ஓடியதில்லை. யாரையாவது ஏற்றிக்கொண்டு, யாருடைய கட்டிலையாவது கூரையில் கட்டிக்கொண்டுதான் வருவான். ஊரில் முகம் தெரியாத ஒருவரின் செத்தவீட்டுக்கும் இங்கிருந்து ஏதாவது அனுப்புவான். அவர்களிடம் 'ஹரம்பே' என்று ஒரு சொல் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து ஒரு பாரத்தை இழுப்பது என்று அதற்கு அர்த்தம் சொன்னான். இவனை யாரோ ஏமாற்றப் போகிறார்கள் என்று நான் பலதரம் நினைத்திருக்கிறேன்.

ஒருமுறை நானும் மனைவியும் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். புறப்படும்போது வாசலோடு நின்றுவிடாமல், குடும்பமாக எங்களோடு நடந்து வந்தார்கள். கார் நின்ற இடத்தையும் தாண்டி, தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்த பிறகுதான் எங்களைக் காரில் ஏறவிட்டார்கள். விருந்தாளியைக் கொஞ்சத் தூரமாவது நடந்து வழியனுப்பாவிட்டால் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. நல்ல குளிர். மனைவி வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

தொழிற்சாலையில் எனக்குச் சுகமில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். டேனிஷ்காரர் என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். இவன் வேலை முடிந்ததும் சீனி, பால், பாண் எல்லாம் வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறுவது அவர்களுக்குத் தெரியாது. மனைவி அப்போது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்றாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ், பிறகு ரயில், ஆஸ்பத்திரி இருக்கும் ஆகூஸில் இறங்கித் திரும்ப ஒரு ட்ராம். ஸ்கீவவில் கார் வைத்திருக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். ஆனால் லண்டனில் இருக்கும் மனிதனைப் பார்க்க ஆகூஸுக்குக் கூட்டிப் போங்கள் என்று யாரிடம் கேட்பது?

ஆஸ்பத்திரிக்கு என்று அவள் சொல்ல வேண்டியதாயிற்று; அவன் வேறொன்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக் காரில் வைத்தான்.

அடுத்தநாள் அவன் மனைவி வந்தாள். அதற்கடுத்தநாள் விபோர்க்கில் பஸ் ஓட்டும் ஒருவர். பிறகு நான் வாழ்க்கையில் பார்த்திராத முகங்கள். என்னுடைய பெயரில் அவர்கள் தொலைபேசியில் ஒரு குழு தொடங்கி, ஒவ்வொரு நாளும் என் மனைவியை யார் ஏற்றுவது, யார் இறக்குவது என்று பிரித்துக்கொண்டது பின்னர்தான் எனக்குத் தெரியும். பெரிய தெர்மோஸில் பாலிலேயே காய்ச்சிய தேநீரோடு வருவார்கள். கட்டிலடிக்கு இரண்டுபேர் மட்டும் என்று தாதி சொன்னால் கோபிக்க மாட்டார்கள். மற்றவர்கள் வெளியே இருந்து, யாருடைய உறவினர் என்றும் பார்க்காமல் எல்லாருக்கும் தேநீர் ஊற்றுவார்கள். பக்கத்துக் கட்டிலில் மாடு வளர்க்கும் ஒரு டேனிஷ் கமக்காரர் கிடந்தார். அவரைப் பார்க்க ஒரு காக்கைக் குஞ்சும் வரவில்லை. இரண்டாம் நாளிலிருந்து வருகிறவர்களில் ஒருவர் அவருடைய கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மனிதர் மாடுகளைப் பற்றிக் கதைக்க, கென்யாக்காரரும் மாடுகளைப் பற்றியே கதைத்தார்கள். இப்படி ஒரு சனத்தை நான் கண்டதில்லை.

ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்தால் பிறகு என்ன இரகசியம்? தம்பியைக் கூப்பிட்டு, யார் இவர்களுக்கெல்லாம் சொன்னது என்று கேட்டேன். நான்தான் என்றான், கொஞ்சம் பெருமையாகவே. எங்கள் ஆட்களிடம் வருத்தத்தை வெளியே சொல்லுகிற வழக்கம் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவன், சொல்லாவிட்டால் எப்படி அவர்கள் வருவார்கள் என்று கேட்டான். என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு இருமல் வந்தது. இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு தலையணை தந்திருந்தார்கள். அதை எடுத்து அணைத்துக்கொண்டேன்.

நடக்கச் சொல்லித் தாதி நாளும் கெஞ்சினாள். எனக்கு மனம் வரவில்லை. கட்டிலைச் சுற்றி இரண்டு எட்டு வைத்துவிட்டு நோகுது என்று படுத்துவிடுவேன். நான் எழும்பி என்ன, என்னால் பிள்ளையின் காரியம் குழம்பிப் போனால் என்ற ஒரே யோசனை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. முதலில் தம்பியும் என் மனைவியும். பின்னால் ஒரு கென்யாப் பெண், கோல்டிங்கில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள் என்று தம்பி அறிமுகப்படுத்தினான். அவளுக்குப் பின்னால், கையில் ஒரு சாப்பாட்டுக் கூடையோடு, பையனின் தாய்.

அந்த இரண்டு பெண்களும் ஒரே சமையலறையில் வேலை செய்கிறார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? என் மனைவியின் முகத்தில் இரத்தம் இல்லை. மின்தூக்கியடியில்தான் அவர்களைச் சந்தித்தாளாம். நான் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பையனின் தாய் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "லண்டனிலை குளிர் எப்பிடி, அண்ணை?" என்று கேட்டார்.

மன்னிக்க வேணும் தங்கச்சி, பிள்ளையின்ரை காரியம் எண்டு பயந்துபோனன் என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் கூடையைத் திறந்து கஞ்சியை எடுத்துக் கோப்பையில் ஊற்றினார். அதை என் கையில் தரவில்லை. கோப்பையை வைத்துக்கொண்டே கதைத்தார்.

"இந்தக் கென்யாப் பிள்ளை வெள்ளிக்கிழமை என்னட்டை வந்து, உங்கட ஆள் ஒருத்தர் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறார், காரிலை ஒரு இடம் இருக்கு, எத்தினை மணிக்கு உன்னை ஏத்த எண்டு கேட்டவ. வாறியோ எண்டு கேக்கேல்லை. நான் வருவன் எண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியேல்லை."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. வெட்டித் தைத்த நோவை விட அது நொந்தது. அந்தப் பெண்ணுக்கு எங்கள் மொழி விளங்காது. ஆனால் அவள் எங்கள் ஆட்களைப் பற்றி என்னைவிட நல்லதாக நினைத்திருக்கிறாள். தங்களைப் போலத்தான் மற்றவர்களும் என்று நினைத்துவிட்டாள். அவர்களுடைய கொடையில் பெரிய கொடை அதுதான் என்று எனக்குப் பட்டது. கஞ்சியைக் குடித்தேன். மனைவி யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். தம்பி கமக்காரருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

புறப்படும் நேரம் வந்தது. நான் கட்டிலை விட்டு இறங்கினேன். எங்கே என்று மனைவி பதறினாள். இவ்வளவு தூரம் வந்தவர்களைக் கட்டிலில் கிடந்துகொண்டா அனுப்புவது? தம்பிக்கு மட்டும் விளங்கிவிட்டது. என் பக்கத்தில் வந்து நடந்தான். தலையணையை ஒரு கையால் நெஞ்சில் அழுத்திக்கொண்டு, மறுகையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மின்தூக்கி வரை போனேன். தாதி தன் மேசையில் இருந்து எழும்பிப் பார்த்தாள்.

மின்தூக்கி வந்தது. கோல்டிங்காரர் இருவரும் உள்ளே ஏறினார்கள். பையனின் தாய் கதவைக் கையால் மறித்துக்கொண்டு, "தையிலை நாள் பாப்பம். நீங்கள் எழும்பி நடமாட அது சரியா இருக்கும்," என்றார். பிறகு பக்கத்தில் நின்றவளைக் காட்டி, "இவவுக்கு நீங்கள்தான் கலியாணத்துக்குச் சொல்ல வேணும், அண்ணை," என்றார்.

அந்த இடத்திலேயே டேனிஷில் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், கதவு மூடிக்கொண்டது.

நாள்கூட இன்னும் வைக்கவில்லை. அன்று பின்னேரம் விபோர்க் பஸ் ஓட்டுநர் தொலைபேசி எடுத்து, கலியாணத்துக்கு வரும் ஆட்களை மண்டபத்துக்கு ஏற்றி இறக்கும் வேலையைத் தன்னிடம் விடச் சொன்னார். யார் உமக்குச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.