இரண்டாம் குரலில் ஆறு பேர்

1927 அக்டோபர் 13, வியாழக்கிழமை, மாலை ஐந்து இருபது. விட்டுவிட்டுப் பெய்த மழை அப்போது வலுத்திருந்தது. தேவாலயக் கூடத்தின் தகரக் கூரையில் அது அடித்த சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. பதினோரு நிமிடம் காத்திருந்தோம். அதற்குள் கூரை ஒழுகி என் கழுத்தில் நான்கு முறை சொட்டியது. யாரும் இடம் மாற்றித் தரவில்லை.

எங்கள் ஆண்கள் பாடற்குழுவுக்கு அப்போது மூன்று வயது. தொடங்கியவர் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த வேல்ஸ் நாட்டுத் துரை. அவருடைய ஊரில் நிலக்கரிச் சுரங்கத்து ஆட்கள் வேலை முடிந்ததும் கரியைக் கழுவிக்கொண்டு வந்து, நான்கு குரலாகப் பிரிந்து பாடுவார்களாம். அதைப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தமிழ்க் குமாஸ்தாக்களை வைத்துச் செய்து பார்த்தார். குரலுக்கு ஆறு பேர், மொத்தம் இருபத்து நான்கு. நான் இரண்டாம் குரலுக்குத் தலைவன்.

முதல் குரலுக்குத்தான் மெட்டு. மற்ற மூன்றும் மெட்டை விட்டு விலகி, அதற்குக் கீழே வேறு சுரங்களில் போக வேண்டும். துரை பிரித்து எழுதியதோ நாங்கள் பிள்ளைப் பருவத்திலிருந்து ஞாயிறு தவறாமல் பாடிவந்த கீர்த்தனைகளை. பழகிய மெட்டு காதில் விழுந்தால் தொண்டை தானாக அதன் பின்னால் போய்விடும். அன்று மூன்றாம் அடியில் இரண்டாம் குரலிலிருந்து ஒருவர் மெட்டுக்குத் தாவினார். ஏழு முறை பாடினோம், ஏழு முறையும் தாவினார்.

“சியாபா?” யார் என்று துரை மலாயில் கேட்டார். தவறியவன் தானே கை தூக்குவது குழுவின் வழக்கம். தூக்காவிட்டால் தலைவன் காட்ட வேண்டும்.

தவறியது நான்தான். இடப்பக்கம் நின்றவனைக் காட்டினேன். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா, வயது இருபத்தாறு.

“நான் இல்லண்ணே! நான் கீழதான் பாடினேன்.”

“கீழன்னா எங்க, கடலுக்கு அடியிலயா?” என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். கூடமே சிரித்தது.

சனிக்கிழமைக் கச்சேரியில் அவன் வாயை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். ஆளை எடுத்தால் வரிசையில் ஓட்டை விழும்.

வாசலில் அவன் என் குடைக்குள் நுழைந்தான். “அண்ணே, என் பெஞ்சாதி அன்னிக்கி புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து வருது. அங்க போறப்பெல்லாம் என் பாகத்த பாடிக் காட்டியிருக்கேன். நான் பாடணும்ணே. துரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அதுக்கு என்னா தெரியப் போவுது? சும்மா வாயத் தெறந்துகிட்டு நில்லு லா.”

சனிக்கிழமை நூற்று நாற்பது நாற்காலிகளில் ஒன்பதுதான் காலி. அவன் மனைவி மூன்றாம் வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். மூன்றாம் அடி வந்தது. என் தொண்டை தாவிவிட்டது. அவன் வாயை இறுக மூடிக்கொண்டு, பாட்டின் நடுவில் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் திரும்பியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

முடிந்ததும் துரை என்னிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அவன்தான் கோபத்தில் வேண்டுமென்றே பாடிக் கெடுத்தான் என்றேன்.

“நான் மூச்சுகூட விடலண்ணே. பக்கத்துலதானே நின்னீங்க? சொல்லுங்கண்ணே!”

பாடாமல் இருந்தவனுக்குப் பக்கத்தில் நின்றவன்தான் சாட்சி. நான் பாட்டுத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கும் சரியாக இருந்தன.

அவன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். “அது இவரு கொரலு இல்லீங்க. எனக்குத் தெரியாதா?”

“வாயத் தெறக்காதவனுக்கு வீட்டம்மா வக்கீலா?” என்றார் அதே பின்வரிசைக்காரர். மறுபடியும் சிரிப்பு. துரைக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் எல்லோரும் சிரித்ததால் அவரும் சிரித்தார். பிறகு அவன் பெயரை அடித்துவிட்டார்.

மறுவாரமே நான் முதல் குரலுக்கு மாற்றம் கேட்டு வாங்கினேன். மெட்டையே பாடுகிறவன் மெட்டுக்குத் தாவ முடியாது. அதன் பின் ஆறு ஆண்டு பாடினேன், ஒருமுறைகூடத் தவறவில்லை.

குழுவின் கறுப்புக் கோட்டை அவன் நான் குரல் மாறுவதற்கு முன்பே, கச்சேரி முடிந்த திங்கட்கிழமை, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவனளவு ஒல்லியானவர்கள் எங்களில் யாரும் இல்லை. யாருக்கும் பொருந்தாத கோட்டின் விலையை அந்தக் குரலின் தலைவன் கட்ட வேண்டும் என்பது விதி. கட்டினேன். ஏழு வெள்ளி ஐம்பது காசு.