சிவப்பு நாடாவில் கட்டிய மண்டையோடு

அடிலெய்ட் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் மெர்ல் ட்ரெகென்சா பதினாறு வயதில் தரை துடைக்கச் சேர்ந்தாள். இருபது வயதுக்குள் தோலுரிக்கவும் பஞ்சடைக்கவும் வாலுக்குள் கம்பி செலுத்தவும் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டாள். பாலைவனத்திலிருந்து வரும் உயிர்கள் சுண்டெலி அளவுதான் இருக்கும். கங்காருவுக்குப் போல வயிற்றில் பை, வாயில் ஊசிப் பற்கள், வெட்டுக்கிளியைத் தலையோடு கடிக்கும் வேகம். யாராவது எலி என்றால் மெர்லுக்குக் கோபம் வரும்.

தோலை அவள் தைப்பாள். மண்டையோட்டில் ஒட்டிய சதையை, அதற்கென்றே அங்கே வளர்க்கும் தோல்வண்டுகள் தின்று சுத்தம் செய்யும். தோலும் ஓடும் மறுபடி சேர வேண்டுமென்றால், ஓட்டோடு நூலில் கட்டிய எண் சீட்டு இருக்க வேண்டும். 1969 மார்ச்சில் வண்டுகள் நூலையும் சீட்டையும் சேர்த்தே தின்றுவிட்டன. கட்டைவிரல் நக அளவு ஓடுகள் இரண்டு, எது எந்தத் தோலுக்கு என்று தெரியாமல் பெட்டிக்குள் கிடந்தன.

மெர்ல் அந்த நிமிஷமே பிரிவுத் தலைவர் ஹாலமிடம் போனாள். "ரெண்டும் கலந்துபோச்சு, டாக்டர். எது எதோடதுன்னு சொல்ல முடியல."

"உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தட்டையா இருக்கிறதை இந்தச் சாம்பல் தோலோட வை."

'கலந்துவிட்டன' என்று அவள் பதிவேட்டில் பென்சிலால் குறித்திருந்ததை அவரே ரப்பரால் அழித்தார். அந்தத் தோலும் ஓடும் சேர்ந்த உடல் ஒரு புதிய இனம் என்று ஹாலம் அறிவித்தார்; அவையே அந்த இனத்துக்கு மூலமாதிரி ஆயின. இனத்தின் பெயர் உலகத்தில் எங்கே வழங்கினாலும் அதற்குச் சாட்சி இந்த ஓர் உடல்தான். அதனால் சிவப்பு நாடா கட்டினார்கள். இனத்துக்கு அவர் வைத்தது மெர்லின் குடும்பப் பெயர். இருபத்துநாலு வயதில் அதை மரியாதை என்று நினைத்தாள். வாய்ப்பூட்டு என்று புரியச் சில வருஷங்கள் ஆயின. புரிந்த பிறகும் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

நாற்பது வருஷம் கழித்து, ஓய்வுபெற்றும் வியாழக்கிழமைகளில் சும்மா வந்து சீட்டு எழுதிக்கொடுத்தவளிடம் டேமியன் வந்தான். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சியாளன்.

"கொஞ்சம் சங்கடமான சேதி, மெர்ல். டீ போடட்டுமா?"

"டீ போட்டா சேதி இனிக்குமா? சொல்லுப்பா."

"மரபணு பாத்தோம். தோல் ஒண்ணு, ஓடு வேற ஒண்ணு. ரெண்டுமே தெரிஞ்ச இனம்தான். உங்க பேர் வச்ச இனம்னு ஒண்ணு இல்லவே இல்ல."

"அது எனக்குத் தெரியும். கட்டுரையில என்ன எழுதியிருக்க?"

"'பதனிட்டவர் செய்த தவறு'ன்னு. பேர் போடல."

"அந்த மேசையில அப்ப நான் ஒருத்திதான். பேர் வேற எதுக்கு?"

நடந்ததைச் சொன்னாள். அவன் கழுத்தைச் சொறிந்தான். "ஹாலம் செத்துட்டாரு. மாடிக் கூடத்துக்கே அவர் பேரு. ஆதாரம் இல்லாம எப்படி எழுதறது?"

"செத்தவர் மேல குத்தம் சொல்ல ஆதாரம் வேணும். உயிரோட இருக்கிறவளுக்கு வேணாம். அப்படித்தானே?"

டேமியன் பேச்சை மாற்றினான். கட்டுரை மட்டும் போதாது, மூலமாதிரியிலும் தவறைச் சொல்லும் ஒரு சீட்டு கட்ட வேண்டும் என்றான். உங்கள் கையெழுத்துதான் அழகு என்றும் சொன்னான்.

மெர்ல் அழியாத மையில் பொடி எழுத்தாக எழுதினாள்: 'தோலும் ஓடும் வேறு வேறு. 14 மார்ச் 1969 அன்று கலந்தன. அன்றே ஹாலமிடம் சொல்லப்பட்டது. மெ. ட்ரெகென்சா.' நூலை இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

டேமியன் படித்தான். "இதை வைக்க முடியாது, மெர்ல்."

"கட்டியாச்சு. ஒரு தடவ கட்டின சீட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது, புதுசுதான் சேக்கணும். ஹாலம் போட்ட சட்டம். வேணும்னா அவர்கிட்ட போய்க் கேளு."

அவிழ்க்கவில்லை. இழுப்பறையைச் சாத்திப் பூட்டினான்.

ஐந்து மாதம் கழித்துக் கட்டுரை தபாலில் வந்தது. 'பதனிட்டவர் செய்த தவறு' ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மெர்ல் கடைசிப் பக்கம் வரை படித்தாள். அங்கே நன்றிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது: அழகாகச் சீட்டு எழுதித் தந்தமைக்கு.