கல்யாண வீட்டுக்காரர் போடாத கையெழுத்து

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருந்தேன். கல்யாண மேடை அலங்காரமும் செய்வேன். தினமும் சாமிக்குப் பூ வாங்க வரும் வக்கீல் ஆபீஸ் கிளார்க் ஒருவர் எனக்காக ஒரு ஃபாரம் டைப் அடித்துக் கொடுத்தார். விளக்காலோ விருந்தாளிகளாலோ சேதம் வந்தால் பூக்கடை பொறுப்பல்ல என்று அதில் இருந்தது.

கிள்ளானில் ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் அதை நீட்டினேன். இரண்டு வரி படித்ததும் முகம் மாறிவிட்டது.

“நல்ல காரியம் பேசுற நேரத்துல தீ, சேதம்னு எழுதிக்கிட்டு வரீங்களே தம்பி! இதுல கையெழுத்து போட்டா விளங்குமா? எடுத்து உள்ள வைங்க லா.”

வைத்தேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதுதான் என் முட்டாள்தனம்.

முகூர்த்தத்தன்று, நான் தள்ளி வைத்திருந்த குத்துவிளக்கு வீடியோவில் விழவில்லையென்று அவரே அதைத் திரைச்சீலையோரம் நகர்த்தினார். துணி பற்றிக்கொண்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்டபத்துச் சுவர் கருகியது.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் கடைக்கு வந்தார். தவறு முழுவதும் என்னுடையது என்று டைப் அடித்த தாள் கையில் இருந்தது.

“சைன் பண்ணுங்க தம்பி. இல்லாட்டி மண்டபக்காரன் இனிமே உங்கள உள்ளயே விடமாட்டான்.”

அதே மண்டபத்தில் எனக்கு இன்னும் இரண்டு கல்யாணங்கள் இருந்தன. போட்டுத் தொலைத்தேன்.

திங்கள் காலை எட்டு மணி ராகுகாலம். மகளுக்குப் புடவை எடுக்கவே நல்ல நேரம் பார்த்த மனிதர், என் கையெழுத்தை வாங்க மட்டும் நேரம் பார்க்கவில்லை.